ஊர்ப் பணமும் ஊரார் சம்மதமும்



இலக்கியமும் சமயமும் தத்துவமும் பொருளாக அமைவதே வழக்கமான ஓர் அறக்கட்டளை மேடையில், நகராட்சிகளும் ஊராட்சிகளும் தம் வரவு செலவுத் திட்டத்தை எவ்வாறு அமைக்கின்றன, பொதுப்பணத்தைச் செலவிட யார் யாருக்கு அனுமதி தருகிறார்கள் என்னும் விஷயத்தை எடுத்துக்கொண்டு நான் நிற்பது உங்களிற் சிலருக்கு வியப்பாகவும், மாலைப்பொழுதை இனிதாகக் கழிக்க எண்ணி வந்தவர்களுக்குச் சற்றே ஏமாற்றமாகவும் இருக்கலாம். டில்லியிலும் கோட்டையிலும் சமர்ப்பிக்கப்படும் பெரிய பட்ஜெட்டைப் பற்றியாவது மறுநாட் காலையில் நாலு பேர் கூடி விவாதிக்கிறார்கள். நம் வாசலில் எரியும் விளக்குக்கும், அதன் கீழே ஓடுகிற, அல்லது ஓடாமல் தேங்கி நிற்கிற சாக்கடைக்கும் பணம் ஒதுக்கும் ஸ்தல ஸ்தாபனத்தின் பட்ஜெட்டோ, அதற்குக் கையுயர்த்திய உறுப்பினர்களாலேயே முழுமையாகப் படிக்கப்படுவது அருமை.

நான் சொல்ல வந்த கருத்து ஒன்றே ஒன்று. பொதுப்பணம் ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்குப் போகும்போதெல்லாம் ஒரு சம்மதத்தைக் கேட்டுப் பெற்றுக்கொண்டே போக வேண்டும்; அச்சம்மதங்களுக்கெல்லாம் மூலமான சம்மதம் வரி கொடுக்கும் பிரஜையினுடையது; அந்த மூலம் வற்றிப்போனால், மற்றச் சம்மதங்கள் யாவும் பதிவேட்டில் ஒழுங்காக இருந்துகொண்டே உயிரற்ற சடங்குகளாகிவிடும்.

கணக்குக் காட்டாதவர்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில், முதலாம் பராந்தக சோழனுடைய ஆட்சியில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட இரு சாசனங்களைப் பற்றிக் கேள்விப்படாதவர் இவ்வவையில் இருக்கமாட்டார். குடும்பு எனப்படும் முப்பது ஊர்ப் பிரிவுகளிலிருந்து குடவோலை எடுத்துச் சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலிய குழுக்களுக்கு ஆள் தேர்ந்த முறையை நாம் மேடைதோறும் பாராட்டுகிறோம். ஆனால் என் மனத்தை அதிகமாகக் கவர்வது தேர்ந்தெடுத்த முறையைக் காட்டிலும், யாருடைய பெயரைக் குடத்தில் இடலாகாது என்று அச்சாசனம் விதித்திருக்கும் நியதிதான். முன்பு ஏதேனும் ஒரு வாரியத்தில் இருந்து, பின் கணக்குக் காட்டாமல் விட்டவனுடைய பெயரையும், அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரையும் ஓலையில் எழுதக்கூடாது என்று அது வரையறுக்கிறது. அச்சபை நிலமுடைய அந்தணர்களின் சபை. ஊரிலிருந்த உழைப்பாளிகளுக்கோ பெண்களுக்கோ அதில் இடமில்லை. ஆகவே அதை இன்றைய ஜனநாயகத்தின் முன்மாதிரியென்று கொண்டாடுவது மிகையாகும். எனினும், பொதுப்பணத்தைத் தொட்டவன் கணக்கு ஒப்புவிக்காத வரையில் மீண்டும் அதிகாரத்தைத் தொடலாகாது என்ற பிரமாணத்தை, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி எல்லாரும் காணும்படி வைத்த ஒரு சமூகம், ஸ்தல நிர்வாகத்தின் அடிப்படைத் தத்துவத்தை அறிந்திருந்தது என்பதில் சந்தேகமில்லை.

தந்திரம், சிக்கனம், கல்வி

நவீன காலத்து ஸ்தல ஸ்தாபனம் நம் நாட்டிற்கு வந்த விதம் வேறு. சென்னைவாசிகள் வீட்டுவரிக்கு இணங்காமல் எதிர்த்துக்கொண்டிருந்த காலத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் தலைமையில் பெருஞ் செல்வாக்குடன் விளங்கிய சர் ஜோசையா சைல்டு ஓர் உபாயத்தைக் கண்டார். நாம் அதிகாரத்தால் விதித்தால் ஆறு பென்ஸ் கொடுக்கவும் முணுமுணுக்கிற ஜனங்கள், தாங்களே தங்களுக்கு விதித்துக்கொள்ளும் வரியானால் ஐந்து ஷில்லிங்கையும் மனமுவந்து கொடுப்பார்கள் என்ற கருத்துப்பட, 1687ஆம் ஆண்டில் கம்பெனி சென்னைக்கு எழுதியது. அதன் பயனாக, 1688 செப்டம்பர் 29ஆம் நாள், ஒரு மேயரும் 12 ஆல்டர்மென்களும் 60 பர்ஜெஸ்களும் கொண்ட சென்னை மாநகராட்சி தோன்றியது. சைல்டின் எண்ணம் தந்திரமே. தம் மேலாதிக்கத்தில் ஓர் அணுவையும் விட்டுக்கொடுக்க அவர் கருதவில்லை. ஆயினும் தந்திரக்காரருடைய வாயிலிருந்தும் சில சமயங்களில் சத்தியம் வெளிப்படுவதுண்டு.

பிறகு 1870இல் வைஸ்ராய் மேயோ பிரபு நிதிப் பொறுப்பின் ஒரு பகுதியை மாகாணங்களுக்கு இறக்கியபோது, நோக்கம் பெரும்பாலும் சிக்கனமாக இருந்தது; மத்திய பொக்கிஷத்தின் சுமை குறைய வேண்டுமானால், சாலைக்கும் பள்ளிக்கும் வைத்தியசாலைக்கும் அந்தந்த ஊரே வரி கொடுக்கட்டும் என்பதுதான் அதன் சாரம். சென்னை மாகாணத்தின் 1871ஆம் ஆண்டுச் சட்டங்கள் இதிலிருந்து பிறந்தவை. 1882இல் வைஸ்ராய் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானமோ, நிர்வாகத் திறமை சற்றுக் குறைந்தாலும் குறையட்டும், ஜனங்கள் அரசியற் பயிற்சி பெறுவதே பெரிது என்று வேறொரு நோக்கை முன்வைத்தது. 1884ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டமும் ஸ்தல போர்டுகள் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்தன. தந்திரம், சிக்கனம், கல்வி என்ற இம்மூன்று நோக்கங்களும் ஒன்றையொன்று அழிக்காமல், ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து, இன்றைய சட்டங்களின் அடியில் இருக்கின்றன என்பதை உணர்ந்தவர்க்கே, ஒரு நகராட்சி சில காரியங்களில் சுதந்திரமாகவும், வேறு சில காரியங்களில் கைகட்டப்பட்டும் இருப்பதன் காரணம் விளங்கும்.

திட்டத்தின் உடற்கூறு

இனி பட்ஜெட்டின் உட்புறத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டு நகராட்சி ஒன்றின் பணம் ஒரே பெட்டியில் கிடப்பதன்று. வருவாய் மற்றும் மூலதன நிதி என்றும், குடிநீர் வழங்கல் மற்றும் வடிகால் நிதி என்றும், தொடக்கக் கல்வி நிதி என்றும் அது பிரிக்கப்பட்டிருக்கிறது. குடிநீருக்கென்று வசூலித்த காசு அலுவலகத்துச் சம்பளத்தில் கரைந்துவிடக்கூடாது, கல்விக்கென்று வாங்கியது சாலையில் கொட்டப்படக்கூடாது என்ற நியாயமே இப்பிரிவுக்கு அடிப்படை. ஒரு நிதியிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாற்று வாங்கி, அதைத் திருப்பாமல் ஆண்டுக்கணக்காக விட்டுவைக்கும் வழக்கம் தலையெடுக்கும் இடத்தில், இந்நியாயம் காகிதத்தளவில் நின்றுவிடுகிறது.

ஒவ்வொரு நிதிக்கும் நான்கு வரிசையில் எண்கள் எழுதப்படும்: சென்ற ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பாண்டின் மதிப்பீடு, அதையே பல மாதம் கழித்துச் சரிபார்த்த திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. இந்நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பவனுக்கு, ஸ்தாபனத்தின் குணமே தெரிந்துவிடும். சென்ற மார்ச்சில் பத்துப் பங்கு எதிர்பார்த்து, இந்த ஜனவரியில் ஆறு பங்காகத் திருத்தி, வரும் ஆண்டுக்கு மறுபடியும் பத்து என்று எழுதுகிற மன்றம், மதிப்பீடு செய்யவில்லை, மனோராஜ்யம் செய்கிறது.

வரவுப் பகுதியின் இரகசியம் முழுவதும் கேட்பு, வசூல், நிலுவை என்ற மூன்று சொற்களில் அடங்கியிருக்கிறது. இவ்வாண்டு இன்னின்னார் இவ்வளவு கொடுக்க வேண்டும் என்று எழுதுவது கேட்பு. வந்து சேர்ந்தது வசூல். வராமல் நிற்பது நிலுவை. பல்லாண்டு நிலுவை முழுவதும் வரும் ஆண்டிலேயே வந்துவிடும் என்று பாவித்துக்கொண்டால், எந்த நகராட்சியும் தன் பட்ஜெட்டை உபரியாகக் காட்டலாம். அந்த உபரியை நம்பி வாக்களிக்கப்பட்ட பூங்காவும் வாசகசாலையும் அடுத்த ஆண்டு ஏட்டிலும் அப்படியே வாக்குறுதியாக இருக்கும். செலவுப் பகுதியிலோ, சம்பளம், ஓய்வூதியம், மின்கட்டணம், கடன் தவணை ஆகியவை முதற்பந்தியில் அமர்ந்து எழுந்த பிறகு எஞ்சுவதே மன்றத்தின் விருப்பத்துக்கு உரியது. தமிழ்நாட்டு நகராட்சிகள் 2000-01ஆம் ஆண்டு முதல் இரட்டைப் பதிவு முறையில், பணம் வந்த நாளைப் பாராமல் உரிமை பிறந்த நாளையும் பொறுப்பு பிறந்த நாளையும் கொண்டு கணக்கு எழுதத் தொடங்கியதன் நன்மை, இந்த மறைந்த பொறுப்புகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததேயாகும்.

பல கைகளின் அவசியம்

மாநகராட்சியில் ஆணையர் மதிப்பீட்டைத் தயாரிக்கிறார். வரிவிதிப்பு மற்றும் நிதி நிலைக்குழு அதைப் பரிசீலிக்கிறது. மாமன்றம் விவாதித்து ஏற்கிறது. ஏப்ரல் முதல் நாள் பிறக்குமுன் இவை முடிய வேண்டும். இத்துடன் பணம் செலவாகத் தொடங்கிவிடும் என்று பாமரர் மட்டுமல்லர், படித்தவர்களும் எண்ணுகிறார்கள். உண்மையில் பட்ஜெட்டில் ஒரு தொகை இருப்பது, அத்தலைப்பின் கீழ் அவ்வளவுக்கு மேற்படாமல் செலவிடலாம் என்ற எல்லையை மாத்திரமே குறிக்கும். குறிப்பிட்ட ஒரு வேலைக்குப் பணம் எடுக்க இன்னும் பல வாசல்களைக் கடந்தாக வேண்டும்.

ஒரு வார்டில் சிமெண்டுச் சாலை போட வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். பொறியாளர் இடத்தை அளந்து மதிப்பீடு தயாரிக்கிறார். அதிகார வரம்புக்கேற்பத் தக்கவர் தொழில்நுட்ப ஒப்புதல் தருகிறார். இவ்வேலை இவ்விதமாகச் செய்யத்தக்கது என்பதற்கு அது சாட்சி. நிர்வாக அனுமதியோ, இவ்வேலை செய்ய வேண்டியது என்பதற்குச் சம்மதம். இவ்விரண்டையும் ஒருவரே ஒரே மூச்சில் தந்துவிட்டால், தேவையில்லாத சாலையும் நேர்த்தியான மதிப்பீட்டின் பலத்தில் எழுந்துவிடும். பின்னர் 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி டெண்டர் கோரப்பட வேண்டும். வந்த விலைகளை ஒப்பிட்டு, உரிய அதிகாரி அல்லது மன்றம் ஏற்க வேண்டும். வேலை நடக்கும்போது, நீளம், அகலம், கனம் ஆகியவற்றை அந்த இடத்திலேயே அளந்து அளவைப் புத்தகத்தில் எழுத வேண்டும். எழுதியதை மேலதிகாரி சரிபார்க்க வேண்டும். அதன் பேரிலேயே பட்டியல், பட்டியலின் பேரிலேயே பணம். எல்லாம் முடிந்தபின், உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையார் வந்து செலவுச்சீட்டுகளைப் புரட்டி, ஐயமுள்ள இடத்தில் தணிக்கைத் தடை எழுதுகிறார்கள்.

இத்தனை வாசல்களைப் பார்த்துச் சிவப்புநாடா என்று சலித்துக்கொள்ளுவது சுலபம். வேலையைக் கேட்பவர், அளந்து மதிப்பவர், சம்மதிப்பவர், செய்பவர், சரிபார்ப்பவர், பணம் கொடுப்பவர், தணிக்கை செய்பவர் ஆகிய எல்லாரும் ஒரே ஆளாக, அல்லது ஒரே ஆளின் சொற்கேட்பவர்களாக ஆகிவிடாமல் இருப்பதே வரி கொடுப்பவனுக்குள்ள காவல். வாசல்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம், காவலாளிகளை ஒருவராக்கலாகாது.

இவ்வொழுங்குக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. வெள்ளம் வந்த இரவில் மன்றத்தைக் கூட்டிக்கொண்டிருக்க முடியாது. அப்போது தலைவரின் முன் அனுமதியோடு செலவிட்டு, அடுத்த கூட்டத்தில் மன்றத்தின் பின்னேற்பைப் பெற்றுக்கொள்வார்கள். இது விவேகமான ஏற்பாடு. ஆனால் சாதாரண நாட்களிலும், கூட்டத்தின் பொருட்பட்டியலில் பின்னேற்புக்கு வந்த இனங்களே மிகுந்திருக்குமானால், உறுப்பினர்கள் கையில் இருப்பது கல்யாணம் முடிந்தபின் வந்து சேர்ந்த அழைப்பிதழ்தான்.

சிற்றூரின் சிறு கணக்கு

கிராம ஊராட்சியில் இவ்வமைப்பு இன்னும் எளிது. எளிதாகையால் இன்னும் வெளிப்படையானது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி, தலைவரே நிர்வாக அதிகாரி; பணம் எடுக்கத் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையொப்பமிட வேண்டும். ஏட்டில் இருந்த கையொப்பம் இன்று மின்னணுக் கையொப்பமாக மாறிவருகிறதெனினும், இருவர் சம்மதம் என்ற தத்துவம் மாறவில்லை. இவற்றிற்கு மேலாக, வாக்காளர் அனைவரும் அடங்கிய கிராமசபைக்கு, ஊரின் திட்டத்தையும் ஆண்டு வரவு செலவையும் அங்கீகரிக்கவும், தணிக்கை அறிக்கையை ஏற்கவும் அதிகாரம் தரப்பட்டிருக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்ற நான்கு நாட்களோடு, பிற்காலத்தில் மார்ச் 22, நவம்பர் 1 என இரண்டு நாட்களும் சேர்க்கப்பட்டு, ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் பிரதிநிதிகளின் மூலமாகவே பட்ஜெட்டுக்குச் சம்மதம் தருகிற பிரஜை, தானே நேரில் அமர்ந்து கைதூக்கிச் சம்மதம் தரும் இடம் இத்தேசத்தில் இது ஒன்றே. அவ்விடத்தில் தீர்மான ஏட்டில் கையொப்பம் முதலில் வாங்கப்பட்டு, கணக்கு பிறகு வாசிக்கப்படுமானால், அல்லது வாசிக்கப்படாமலே போகுமானால், சட்டம் என்ன செய்யும்?

பிறர் பணமும் பிறர் நிபந்தனையும்

1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆம் அரசியற்சட்டத் திருத்தங்கள் ஸ்தல ஸ்தாபனங்களுக்கு நிலைபேற்றையும், ஐந்தாண்டுக்கொரு முறை தேர்தலையும், மாநில நிதி ஆணையத்தையும் அளித்தன. ஊராட்சிகளுக்கு 29 துறைகளும் நகராட்சிகளுக்கு 18 துறைகளும் அட்டவணைகளில் எழுதப்பட்டன. பணத்தைப் பொறுத்தவரை, மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் நூற்றுக்குப் பத்துப் பங்கைப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டில் வேரூன்றியிருக்கிறது; கிராம ஊராட்சி வசூலிக்கும் வீட்டுவரிக்குச் சமமாக அரசு மானியம் தரும் நல்ல வழக்கமும் உண்டு. மத்திய நிதி ஆணையத்தின் மானியங்களும் வருகின்றன. ஆனால் 15ஆவது நிதி ஆணையம் ஊரகத்துக்கு வழங்கிய மானியத்தில் நூற்றுக்கு 60 பங்கு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டுண்டது. 40 பங்கே ஸ்தாபனத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டது.

கட்டுண்ட பணம் கெட்ட பணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஏழை ஊருக்கும் செல்வ ஊருக்கும் உள்ள ஏற்றத்தாழ்வைச் சமன் செய்யப் பிறர் பணம் இன்றியமையாதது. எனினும், வரவில் பெரும்பகுதி மேலிருந்து இறங்கும்போது, உறுப்பினரின் பார்வையும் மேல்நோக்கியே திரும்பிவிடுகிறது. தம் வார்டின் வாக்காளருக்குக் கணக்குச் சொல்வதைக் காட்டிலும், மானியம் தருபவருக்குப் பயன்பாட்டுச் சான்று அனுப்புவதே நிர்வாகத்தின் முதற் கடமையாகிவிடுகிறது.

சொந்த வரியை உயர்த்தும் துணிவோ எந்த மன்றத்துக்கும் எளிதில் வருவதில்லை. சென்னையில் 1998இல் சீரமைக்கப்பட்ட சொத்துவரி, அதன்பின் 2022 வரையில் நிலைத்து நிற்கும்படி திருத்தப்படவில்லை; கடைசியில் திருத்தியபோது, பெரிய வீடுகளுக்கு நூற்றுக்கு 150 பங்கு வரை ஒரேயடியாக உயர்ந்தது. மத்திய நிதி ஆணையத்தின் நிபந்தனையே அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. இருபத்துநான்கு ஆண்டுகள் தயங்கிவிட்டுப் பிறர் வற்புறுத்தலின் பேரில் ஒரே நாளில் விதிப்பதைவிட, ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் காரணம் கூறிக் கேட்பது வரி கொடுப்பவனுக்கும் நல்லது, கேட்பவனுக்கும் கண்ணியமானது.

இதனினும் கவலைக்கிடமானது, சம்மதிக்கும் மன்றமே இல்லாத நிலை. 2016 அக்டோபரில் முந்தைய மன்றங்களின் காலம் முடிந்தபின், நகர்ப்புறங்களில் 2022 பிப்ரவரி வரை தேர்தல் நடக்கவில்லை. அரசு நியமித்த தனி அலுவலர்களே மன்றத்தின் அதிகாரங்களையும் செலுத்தினார்கள். மதிப்பீட்டை முன்வைத்தவரும் அதை ஏற்றவரும் ஒரே நிர்வாகத்தைச் சேர்ந்தவர்களாயிருந்த அந்த ஐந்தாண்டுக்கு மேற்பட்ட காலத்தில், படிவங்கள் எல்லாம் முறையாகவே நிரப்பப்பட்டிருக்கும். 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களின் ஊராட்சிகளும் அவ்வாறே தனி அலுவலர் பொறுப்பின்கீழ் வந்தன. மூலச் சம்மதம் வற்றிய பிறகும் பதிவேடுகள் ஒழுங்காக இருக்கக்கூடும் என்று நான் தொடக்கத்தில் சொன்னதற்கு இதைவிட வேறு உதாரணம் தேவையில்லை.

ஆலந்தூர் காட்டிய வழி

மூலச் சம்மதம் பெருகி ஓடிய இடமும் இதே நாட்டில் உண்டு. பின்னாளில், 2011இல், சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்ட ஆலந்தூர், 1990களில் பாதாளச் சாக்கடையில்லாத தனி நகராட்சி. சாக்கடைத் திட்டத்துக்குப் போதிய பணம் அதன் பொக்கிஷத்தில் இல்லை. அப்பத்தாண்டின் பிற்பகுதியில், நகரமன்றத்தார் குடியிருப்போர் சங்கங்களைத் தேடிச் சென்று, கணக்கை விரித்துக் காட்டி, வீடொன்றுக்கு 5,000 ரூபாயும் வணிக நிறுவனத்துக்கு 10,000 ரூபாயும் முன்வைப்பாகக் கேட்டார்கள். வேலை தொடங்குமுன்பே, கண்ணால் காணாத குழாய்க்காக ஜனங்கள் பணம் கட்டினார்கள். அந்த வைப்புத்தொகையைக் கண்ட பின்பே, தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்தின் கடனும், அரசின் மானியமும், தனியார் முதலீடும் ஒன்றுசேர்ந்தன. பிறகு 13 சிறு ஸ்தாபனங்களின் தேவைகளை ஒன்றாகத் தொகுத்து, சுமார் 30 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்ட முயற்சியும் தமிழ்நாட்டில் நடந்தது. தனித்தனியே சந்தையின் வாசலில் நிற்க முடியாத சிற்றூர்கள், தத்தம் வருவாயைப் பிணையாக ஒப்புக்கொடுத்துக் கூட்டாக நின்றன. சைல்டு கண்ட உண்மை, அவருடைய தந்திரம் நீங்கி, இம்முயற்சிகளில் சுத்தமாகி வெளிப்பட்டது என்று நான் கருதுகிறேன்: எதற்கென்று தெரிந்து, யார் பொறுப்பென்று அறிந்து, தானே இணங்கிக் கொடுக்கிற பிரஜை, தாராளமாகவே கொடுக்கிறான், கொடுத்தபின் கணக்கும் கேட்கிறான்.

மாணவ நண்பர்களே, கணக்குக் கேட்பது என்னும் இவ்விரண்டாவது பயன் முதலாவதைவிடப் பெரிது. ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரின் பட்ஜெட் நகலையும், வரி நிலுவைப் பட்டியலையும், மன்றத்தின் தீர்மானங்களையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழாவது கேட்டு வாங்குங்கள். அவற்றில் மூன்று இடங்களை மட்டும் பாருங்கள்: நடப்பாண்டின் மதிப்பீட்டுக்கும் திருத்திய மதிப்பீட்டுக்கும் இடையிலுள்ள தூரம், நிலுவைப் பட்டியலில் பெருந்தொகைக்குரியவர்கள் யார் என்பது, ஆண்டு முழுவதும் பின்னேற்புக்குச் சென்ற இனங்கள் எத்தனை என்பது. பிறகு உங்கள் வார்டு உறுப்பினரைக் கண்டு, அடுத்த பட்ஜெட் மன்றத்துக்கு வருமுன் அதைப் பற்றி உங்கள் தெருவாரிடம் பேச அவரை அழையுங்கள். அப்படி அழைக்கிற உரிமை, உங்கள் வீட்டு வரி ரசீது உங்கள் கையில் இருந்தால்தான் கம்பீரமாக ஒலிக்கும். நிலுவைப் பட்டியலில் உங்கள் குடும்பத்தின் பெயரும் இருக்குமானால், முதலில் அதைக் கட்டிவிட்டு வந்து கேள்வியைத் தொடங்குங்கள்.